கட்டுப்படி கோதை

செய்தி மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. டிபன் பாக்ஸைத் திறந்து, கீரையைச் சோற்றோடு பிசைந்து இரண்டு வாய் வைத்திருப்பேன். வாட்ச்மேன் வந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து போன், உங்களுக்குத்தான் என்றார். பேசியவர் கோதையின் பக்கத்து வீட்டுக்காரர். மதுரை ஆஸ்பத்திரியில் விடியற்காலையே முடிந்துவிட்டது, சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்கிறோம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் திரும்பி வந்து உட்கார்ந்து மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன். சுற்றி இருந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பதினான்கு வருடம் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவள் நான். தன் சாவைச் சொல்லி ஒருத்தி பாதி டப்பாவைக் கீழே கொட்டினாள் என்று தெரிந்தால், படுத்திருக்கிற இடத்தில் இருந்தே எழுந்து ஏசுவாள். டப்பாவைக் கழுவினேன், அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தேன், பஸ் ஏறினேன். அழுகை சத்திரப்பட்டி விலக்குக்குப் பக்கத்தில் வந்தது. அதுவும் செத்த நேரம்தான்.

கோதையோடு ராஜபாளையத்தில் நம் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் இதைப் படிப்பீர்கள். கோதைநாயகி என்ற முழுப்பெயர் உங்களில் பலருக்குக் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸைப் பார்த்துத்தான் தெரிந்திருக்கும். நமக்கு அவள் ‘கட்டுப்படி’. அவள் பெரிய கஞ்சம், எச்சில் கையால் காக்கா விரட்டமாட்டாள், அதனால்தான் அந்தப் பெயர் என்று இப்போது வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகள் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அது அப்படி இல்லை. நடந்தது என்ன என்று தெரிந்தவர்களில் நானும் ஒருத்தி. தெரிந்ததை எழுதினால் என்னைப் பற்றிய ஒரு விஷயமும் வெளியே வரும். வரட்டும்.

எண்பதுகளின் நடுவில், ஒரே மாதத்தில் நாங்கள் இருவரும் வேலைக்குச் சேர்ந்தோம். எனக்கு பில் டைப் அடிக்கிற வேலை. அவளுக்கு டெஸ்பாட்சில், பார்சல்களுக்கு மேலே முகவரி எழுதுகிற வேலை. சாக்குத் துணியின் மேல் மசியைத் தொட்டு எழுதுவாள். எழுத்து அச்சு மாதிரி இருக்கும். வடக்கே எத்தனையோ ஊர் ஆஸ்பத்திரிகளின் ஸ்டோர் ரூமில் அவள் கையெழுத்து கிடந்திருக்கும். அவள் போனதெல்லாம் தெற்கே திருச்செந்தூர், வடக்கே மதுரை, அவ்வளவுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். பெருமாளைக் கும்பிடுகிற குடும்பம். நெற்றியில் ஒற்றைக் கோடாகத் திருச்சூர்ணம். முதல் நாள் மதியம் அவள் பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்து மேஜையில் வைத்தபோது நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். பாக்ஸ் வந்த வழியெல்லாம் பஸ் குலுக்கலில் ஒழுகி இருக்கிறது. பாதி வழியில் முந்தானையைக் கிழிக்கவா முடியும்? ஆபீசுக்கு வந்ததும் குப்பையில் கிடந்த கழிவு பேண்டேஜ் துணியை எடுத்து நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தாள். பக்கவாட்டில் ரசம் சிவப்பாகக் கசிந்திருந்தது. தலையில் அடிபட்டவன் மாதிரி இருந்தது அந்த பாக்ஸ்.

"சிரிக்காதிய. நாளைக்கு நீங்களும் கட்டுவிய" என்றாள்.

கட்டினோம். ஒரு மாதத்துக்குள் எங்கள் அறையில் எட்டு பாக்ஸ்கள் கட்டோடு வரிசையாக நின்றன. மேனேஜர் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, ஆர்த்தோ வார்டு மாதிரி இருக்கு" என்றார்.

கோதையின் பாக்ஸில் என்ன இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டும். விலை கூடின எதுவும் இருக்காது. முருங்கைக்கீரை, கொள்ளுத் துவையல், தட்டைப்பயறு போட்டு ஒரு குழம்பு, வாழைத்தண்டு, மோர். ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சந்தையில் கடை கட்டுகிற நேரம் பார்த்துப் போவாள். செண்பகத்தோப்புப் பக்கமிருந்து நெல்லிக்காயும் எலுமிச்சையும் கொண்டுவருகிறவர்கள் திரும்பச் சுமக்க முடியாமல் கொடுக்கிற விலைக்கு வாங்குவாள். ஊர்க்காரி என்பதால் பால்கோவா வாங்கி வரச் சொல்லி எல்லோரும் அவளை நச்சரிப்பார்கள். "அது வெளியூர்க்காரங்க திங்கதுக்குச் செய்யுதது" என்று ஒரே பதில்.

எனக்குச் சமையல் வராது. காலையில் ஏழு மணிக்கு எழுந்து, கொதிக்கக் கொதிக்கச் சோற்றைப் போட்டு அமுக்கி மூடிக்கொண்டு ஓடிவருவேன். மதியம் திறந்தால் சோறு வேர்த்துப் புளித்த வாடை அடிக்கும். ஒரு நாள் அதை மோந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏட்டி சரசு, சூட்டோட மூடுனா அது ஊசாம என்ன செய்யும்? தட்டுல பரத்தி ஆறவிட்டு அள்ளி வையி. தயிர்ச்சோறுன்னா தயிரை ஊத்தாத, பாலை ஊத்தி ஒரு சொட்டு மோர் விடு. மத்தியானம் சாப்பிடுத நேரத்துக்குத்தான் அது தயிராகும்." எனக்கு இருபத்தைந்து வயது, அவளுக்கு இருபத்தெட்டு. இதைக்கூடத் தெரியாமல் எப்படி வளர்ந்தாய் என்று அவளும் கேட்கவில்லை; தெரியும் என்று நானும் சொல்லிக்கொள்ளவில்லை. மறுநாள் தயிர்ச்சோறு சரியாக வந்தது.

சாப்பாட்டுக்கு அவள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். "கண்ணுக்குத் தெரியுத மாதிரி ஒண்ணு, பல்லுக்குத் தெரியுத மாதிரி ஒண்ணு, அஞ்சு மணி வரைக்கும் வயித்துக்குத் தெரியுத மாதிரி ஒண்ணு. இம்புட்டு போதும்." கண்ணுக்குக் கீரை, பல்லுக்கு வறுத்த பயறோ வாழைத்தண்டோ, வயிற்றுக்குக் கொள்ளு. அந்தக் காலத்தில் கொள்ளு என்றால் குதிரைக்கு என்று சிரிப்பார்கள். அவள் பாட்டுக்குத் தின்பாள். நான் அறிந்து ஒரு காய்ச்சல் தலைவலி என்று அவள் லீவு போட்டது கிடையாது, கடைசி வருடம் தவிர.

நம் கம்பெனியில் ஆபீஸ்காரர்களுக்குச் சாப்பாட்டுப்படி என்று ஒன்று அப்போது உண்டு. ஞாபகம் இருக்கும். சனிக்கிழமை தோறும் சின்னக் கவரில் தனியாகத் தருவார்கள். ஓட்டலில் சாப்பிடுகிறவர்களுக்கு அது காணாது. வீட்டில் இருந்து கொண்டுவருகிறவர்களுக்கு அது முழுக்க மிச்சம். நான் அதில் வளையலும் ஜாக்கெட் துணியும் வாங்கினேன். கோதை என்ன செய்கிறாள் என்று தெரியாது. ஓர் ஆயுத பூஜை லீவில் பெண்கள் எல்லோரும் அய்யனார் கோவில் அருவிக்குப் போனபோதுதான் சொன்னாள்.

குளித்துவிட்டுப் பாறையில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைத் தின்றுகொண்டிருந்தோம். மற்றவர்கள் தண்ணீரில் கிடந்தார்கள். மாமியார் வீட்டில் பதினாறு பேர், ஒரே அடுப்பு என்று ஆரம்பித்தாள். முதலில் ஆண்கள், பிறகு பையன்கள், பிறகு மூத்த மருமகள்களின் பிள்ளைகள் சாப்பிட வேண்டும். கோதையின் புருஷன் சைக்கிள் கடையில் இருந்தவர், நாலாவது மகன். வீட்டில் சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். கோதையின் மகள் அலமுவுக்கு அப்போது ஒன்பது வயதோ பத்து வயதோ இருக்கும்.

"எம் மக கடைசியாத்தான் உக்காருதா சரசு. அவ தட்டு போடும்போது பானைய வழிக்குத சத்தந்தான் கேக்கும். காய் எல்லாம் போயிருக்கும். நான் விடியமுன்ன நாலரைக்கு எந்திரிச்சு ரெண்டு டப்பா கட்டுதேன்லா, ஒண்ணு எனக்கு, ஒண்ணு பள்ளிக்கூடத்துக்கு அவளுக்கு. அந்த ஒரு வேளைதான் அவ மொதச் சோறு திங்குதா."

சம்பளக் கவர் அப்படியே மாமியார் கைக்குப் போய்விடும். சனிக்கிழமைக் கவர் ஒன்று இருப்பது அந்த வீட்டில் புருஷன் தவிர யாருக்கும் தெரியாது. அதை அவள் போஸ்ட் ஆபீசில் போட்டு வந்தாள். ஒரு வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ், ஒரு ஸ்டவ், நாலு பாத்திரம். புருஷனிடம் பேசியாகிவிட்டது, அட்வான்ஸைக் கையில் கொடுத்தால் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். மூன்று வருடம் ஆகும் என்றாள்.

"அவளுக்குப் பதிமூணு வயசு ஆவும். வயசுக்கு வாரதுக்கு முன்ன தனி அடுப்பு வச்சிரணும். வளருத பிள்ள."

இது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அவள் வேறு எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்க்கவில்லை.

ஒன்றரை வருடம் கழித்துக் கேண்டீன் திறந்தார்கள். நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்ததை நான்தான் டைப் அடித்தேன். பேக்கிங் பெண்களுக்கு வாரக் கூலியில் கேண்டீன் கூப்பனுக்குக் கட்டாயமாகப் பிடித்தம். ஆபீஸ்காரர்களுக்குச் சாப்பாட்டுப்படி நிறுத்தப்பட்டு அதற்குப் பதில் கூப்பன். ஆனால் உடல்நிலை காரணமாகவோ ஆசாரம் காரணமாகவோ கேண்டீன் சாப்பாடு ஒத்துக்கொள்ளாதவர்கள் எழுத்துமூலம் தெரிவித்தால் படி பழையபடி தொடரும். அடித்து முடித்ததும் எனக்கு அந்தக் கடைசி வரி மட்டும்தான் கண்ணில் நின்றது.

‘ஒத்துக்காது’ என்ற வார்த்தை நமக்கு எவ்வளவு சௌகரியமானது என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. காசில்லை என்று ஒருத்தரும் சொல்லமாட்டோம். ஓட்டல் சாப்பாடு ஒத்துக்காது, சினிமாத் தியேட்டர் காற்று ஒத்துக்காது, நைலக்ஸ் புடவை ஒத்துக்காது. எதிரில் இருப்பவருக்கும் தெரியும். ஆமாமா, எங்களுக்கும் ஒத்துக்காது என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த வாரம் ஆபீசில் ஒன்பது பேர் கடிதம் எழுதினோம். ஒருவருக்கு எண்ணெய் ஒத்துக்காது. ஒருவர் திடீரென்று சுத்த சைவமானார். நான் வயிற்றுப்புண் என்று எழுதி, தெரிந்த கம்பவுண்டர் ஒருவரைப் பிடித்து ஒரு சீட்டும் வாங்கி வைத்தேன். எனக்கு வயிற்றில் புண் அல்ல, ஒரு கீறல்கூட இருந்ததில்லை.

கோதை எழுதவில்லை. கடைசி நாள் மேனேஜரே அவளைக் கூப்பிட்டார். தளவாய்புரத்துக்காரர், நல்ல மனிதர். நான் பக்கத்து மேஜையில்தான் இருந்தேன்.

"ஆசாரம்னு ஒரு வரி எழுதிக் குடும்மா. உன் நெத்தியப் பாத்தா எவன் கேள்வி கேக்கப் போறான்?"

"நேத்து அந்தக் கேண்டீன்ல சாப்பிட்டுப் பாத்தேன் சார். சோறு குழைஞ்சிருக்கு, ஆனா சாப்பிடலாம். எனக்கு ஒத்துக்கும்."

"அது தெரியும்மா. எழுதுறதுக்கு என்ன?"

"ஒத்துக்கும்னா எப்படி சார் ஒத்துக்காதுன்னு எழுத?"

அவர் தலையில் அடித்துக்கொண்டு ஒரு தாளை நீட்டினார். என்னமும் எழுது, ஏதாவது ஒன்று ஃபைலில் இருக்க வேண்டும் என்றார். அவள் நின்றபடியே எழுதினாள். பார்சல் மேலே எழுதுகிற அதே எழுத்து. ‘கேண்டீன் சாப்பாடு எனக்கு ஒத்துக்கொள்ளும். சாப்பாட்டுப்படியை நிறுத்தினால் எனக்குக் கட்டுப்படியாகாது. எனவே படியைத் தொடர்ந்து தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.’ மூன்று வரி. கீழே கையெழுத்து.

அன்று சாப்பிடும்போது எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அய்யனார் கோவில் பாறையில் சொன்னதை எல்லாம் சொல்லிக் காட்டினேன். பிள்ளையை நினைத்துப் பார்த்தாயா, ஒரு வரிதானே, பெருமாள் கோபித்துக்கொள்வாரா என்று கேட்டேன்.

"பெருமாளுக்கு என்ன, அவரு பேசவா போறாரு?" என்றாள். "ஒரு தடவ எழுதிக் குடுத்தா பொறவு ஆயுசுக்கும் நடிக்கணும்ட்டி. வெள்ளிக்கிழம பாயசம் போடுதாங்களாம். அதையும் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். அதுவும் போக, காசு இல்லைன்னா இல்லைன்னுதான சொல்லணும்? அதுக்கு ஏன் வயித்தையும் சாமியையும் இழுக்கணும்?"

அவள் சொன்னதில் எது நிஜக் காரணம், எது என்னைச் சமாதானம் செய்யச் சொன்னது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிள்ளையைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் அவள் பதில் சொல்லவில்லை.

கடிதம் முதலாளி வரைக்கும் போனது. அவர் வாசித்துவிட்டுச் சிரித்து, மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டினாராம். மறுநாளே பெயர் வந்துவிட்டது. "கட்டுப்படி வந்தாச்சா?", "கட்டுப்படியைக் கூப்பிடு." அவளும் முதல் இரண்டு நாள் முகம் சுருங்கி இருந்துவிட்டு, பிறகு கூப்பிட்டால் ‘ம்’ என்று கேட்க ஆரம்பித்தாள். ஒத்துக்காது என்று எழுதிய ஒன்பது பேருக்கும் படி தொடர்ந்தது. அவளுக்குக் கூப்பன் புத்தகம் வந்தது.

அந்தச் சனிக்கிழமை பேக்கிங் பெண்களுக்குக் கூலி கொடுத்தார்கள். பேக்கிங்கில் மூத்தவள் மும்தாஜ். அவள் கவரை எண்ணிப் பார்த்துவிட்டு, கூப்பன் புத்தகத்தைக் கொண்டுவந்து மேனேஜர் மேஜையில் வைத்தாள்.

"எனக்கும் அந்த அக்கா எழுதுனதுதான் சார். எனக்கு எழுதத் தெரியாது. கட்டுப்படியாகாது."

மேனேஜர் ஏதோ சொல்வதற்குள் பின்னாலேயே இன்னொருத்தி. அவளுக்குப் பின்னால் நாலு பேர். யாரும் சத்தம் போடவில்லை, கோஷம் கிடையாது. வரிசையாக வந்து புத்தகத்தை வைத்துவிட்டு அதே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த வார்த்தையை அவ்வளவு பேர் வாயில் ஒரே மத்தியானத்தில் நான் கேட்டதில்லை. மூன்று வாரம் இழுத்து, பேக்கிங் பெண்களுக்குக் கட்டாயப் பிடித்தம் இல்லை, விரும்பியவர்கள் கூப்பன் வாங்கலாம் என்று நோட்டீஸ் போட்டார்கள். அதையும் நான்தான் டைப் அடித்தேன்.

கோதைக்கு மட்டும் ஒன்றும் திரும்பவில்லை. ஒத்துக்கொள்ளும் என்று கைப்பட எழுதிக் கொடுத்தவளுக்கு எந்த விதியில் படி தருவது என்று கேட்டார்கள். அவளும் அதற்குமேல் கேட்கவில்லை. மதியம் கேண்டீனில் சாப்பிட்டாள். விடியமுன் நாலரைக்கு எழுந்து அலமுவுக்கு மட்டும் டப்பா கட்டினாள். போஸ்ட் ஆபீசில் போடுவது கிட்டத்தட்ட நின்றுபோனது.

என் வயிற்றுப்புண் விஷயத்துக்கு வருகிறேன். படி வாங்கியது என்னவோ சுகமாகத்தான் இருந்தது. ஆனால் கோதை சொன்ன மாதிரியே நடிக்க வேண்டியதாயிற்று. தீபாவளிக்கு ஆபீசில் கொடுக்கிற காரச்சேவைப் பக்கத்து மேஜைக்குத் தள்ள வேண்டும். மேனேஜர் பார்க்கிற நேரம் மோர் குடிக்க வேண்டும். இதில் கோதை எனக்குச் செய்த அநியாயம்தான் பெரிது. வாரத்தில் ஒரு நாள் கூப்பனை யாருக்காவது கொடுத்துவிட்டு, வீட்டில் இருந்து ஏதாவது செய்துகொண்டு எங்களோடு உட்காருவாள். நெல்லிக்காய் ஊறுகாய் சுற்றிவரும். என் முறை வரும்போது பாட்டிலை அப்படியே தாண்டிக் கொண்டுபோய்விடுவாள். "சரசுக்குப் புண்ணுல்லா, பாவம், உறைப்பு ஆகாது" என்பாள். முகத்தில் ஒரு சுளிப்பு, ஒரு சிரிப்பு இருக்காது. அவளுக்கு உண்மை தெரியும் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும். பல வருடம் அந்த ஊறுகாயை நான் வாடை மட்டும் பிடித்திருக்கிறேன்.

ஒரு நாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு அவளோடு நடந்து போனேன். பஸ் வர நேரம் இருந்தது. எனக்குப் பசி, பக்கத்தில் பரோட்டாக் கடை. அவள் சைவம், சும்மா எதிரில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, ஆட்டுக்கறி சால்னா மிதக்க மிதக்க ஊற்றி, முதல் வாய் எடுக்கப் போகிறேன், மேனேஜர் உள்ளே வருகிறார். என் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னம்மா சரஸ்வதி, வயித்துப் புண்ணுக்கு இதுவா மருந்து?"

சீட்டு பொய் என்றால் படி மட்டும் போகாது, வேலையும் போகும். கோதை கையை நீட்டி இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இது எனக்கு வாங்குனது சார். அவ பிச்சுக் குடுத்துக்கிட்டிருக்கா."

மேனேஜர் அவள் நெற்றியைப் பார்த்தார். இலையில் ஆட்டு எலும்பு ஒன்று கிடந்தது. பார்சல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் முதல் ஆபீசில், கட்டுப்படிக்கு ஆசாரமாவது ஒன்றாவது, பரோட்டாவும் கறியும் வெளுத்துக் கட்டுகிறாள் என்று பேச்சு. தன் மகளின் தட்டுக்காகக்கூட ஒரு வரி பொய் எழுதாதவள் எனக்காக அதைச் சொன்னாள். நான் மறுத்துப் பேசவில்லை. அன்று கடையில் மேனேஜர் போனதும் அவள் இலையை என் பக்கம் திருப்பித் தள்ளிவிட்டு, முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு சொன்னது இவ்வளவுதான்: "சீக்கிரம் தின்னு. எனக்கு இந்த வாடை ஒத்துக்காது. இது நெசம்மா ஒத்துக்காது."

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சாப்பாட்டுப்படியைச் சம்பளத்தோடு சேர்த்துவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி. படி போன பிறகும் என் புண் போகவில்லை. அத்தனை வருடத்துப் புண்ணை ஒரே நாளில் எப்படி ஆற்றுவது? கோதை திரும்பவும் தினமும் டப்பா கொண்டுவர ஆரம்பித்தாள். கூடின தொகையை மட்டும் சம்பளக் கவரில் இருந்து எடுத்து மறுபடி போஸ்ட் ஆபீசில் போட்டாள்.

வீடு கடைசியில் வந்தது. ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு அறையும் அடுப்பங்கரையும். பால் காய்ச்சுகிற அன்று காலையில் நானும் மும்தாஜும் போயிருந்தோம். ஸ்டவ் புதுசு. கோதை ஒரு தடவை பற்றவைத்து, அணைத்து, மறுபடி பற்றவைத்தாள். மும்தாஜ் கேலி செய்தாள். அலமு தாவணியில் நின்று எங்களுக்குக் காப்பி கொடுத்தாள். ஒல்லியான பெண். பிளஸ் டூ எழுதி முடித்திருந்தாள். மூன்று வருடம் என்று அவள் அம்மா சொன்னது ஒன்பதாகிவிட்டது. வளர வேண்டிய வயதெல்லாம் அந்தப் பெண் பெரிய வீட்டிலேயே, கடைசியாக உட்கார்ந்து வளர்ந்து முடித்திருந்தாள்.

அன்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கோதை அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இல்லை. நான் எழுதாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. ஒன்பது பேரும் ஒத்துக்கொள்ளும், கட்டுப்படியாகாது என்று எழுதியிருந்தால் எல்லோருக்கும் கிடைத்திருக்கலாம். யாருக்கும் கிடைக்காமலும் போயிருக்கலாம். பேக்கிங் பெண்களுக்கு எழுதத் தெரியாது, செய்தார்கள். நமக்கு எழுதத் தெரிந்திருந்தது. அன்றே கோதையிடம் சொல்லியிருக்க வேண்டும். காப்பி குடித்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

அந்த அடுப்பங்கரையில் அவள் மூன்று வருடம் சமைத்தாள். கடைசி வருடம் சிறுநீரகம் கெட்டு அடிக்கடி மதுரைக்குப் போனாள். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னாராம். "இம்புட்டு நாளும் என் நாக்குக்கு நான்தான் ராணி, இப்ப டாக்டர் வந்துட்டாரு" என்றாள். நாற்பத்திரண்டு வயது.

பதினாறு முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போனேன். கோதையின் புருஷன் வாசலில் உட்கார்ந்திருந்தார், வாங்க என்று மட்டும் சொன்னார். அலமு இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். சாப்பிடாமல் போகக்கூடாது என்று தட்டுப் போட்டாள். கீரை மசியல், வாழைத்தண்டு, மோர்க்குழம்பு. ஒரு வாய் வைத்ததும் தெரிந்தது, எனக்கென்று தனியாகச் செய்திருக்கிறாள். ஒரு பொட்டு மிளகாய் இல்லை. அடுப்பு மேடையில் இன்னொரு சட்டியில் குழம்பு சிவப்பாக இருந்தது. பக்கத்தில் நெல்லிக்காய் ஊறுகாய்.

"காரம் இல்லாமத்தான் வச்சிருக்கேன் அத்த, பயப்படாமச் சாப்பிடுங்க" என்றாள். "உங்களுக்கு வயித்துப்புண்ணுன்னு அம்மா சொல்லுவா."

அந்த வீட்டிலும் அவள் அதைக் காப்பாற்றித்தான் வைத்திருந்திருக்கிறாள். மகளிடம்கூடச் சொல்லவில்லை என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. அலமு பதறி, உப்புக் குறைவா என்று கேட்டாள். நான் சொல்லிவிட்டேன்.

"எனக்குப் புண்ணெல்லாம் கிடையாதும்மா. ஒரு நாளும் இருந்தது இல்ல. அந்தப் படிக் காசுக்காகப் பொய் எழுதிக் குடுத்தேன். உங்க அம்மா எழுதல. அதான் இந்த வீடு உங்களுக்கு இம்புட்டு பிந்தி வந்துச்சு."

அலமு எழுந்து போய் அந்தச் சிவப்புக் குழம்பையும் ஊறுகாயையும் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"தெரியும் அத்த. எல்லாம் அம்மா சொல்லியிருக்கா. ஆஸ்பத்திரியிலயும் சொன்னா. சரசு வந்தா அவளா வாயத் தொறந்து சொல்லுத வரைக்கும் உறைப்பு போட்டுறாதன்னு."

நான் ஊறுகாயை எடுத்துச் சோற்றில் பிசைந்தேன். பத்துப் பன்னிரண்டு வருடமாக மோந்து மட்டும் பார்த்தது. உறைப்பு தாங்காமல் கண்ணில் தண்ணீர் வந்தது. அலமு மோர் ஊற்றினாள். இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

கோதையிடம் இருந்து என்னிடம் இருப்பது ஒரு வார்த்தை. போன வாரம் என் நாத்தனார் போன் செய்தாள். அவள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரிப் பட்டு எடுக்கிறோம், நீங்களும் எடுங்கள் மதினி என்றாள். பட்டு எனக்கு என்று ஆரம்பித்தேன். வழக்கமாக அடுத்து வருகிற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. நிறுத்தி, கட்டுப்படியாகாது என்றேன். குரலைத் தாழ்த்தி அவள் சொன்னாள்: "எனக்குந்தான் மதினி. யாராவது ஒருத்தி சொல்ல மாட்டாளான்னு இருந்தேன்."